மலைகளின் மேல் ஏன் பழி?

கண்டி நகரின் காற்றுக் கெட்டுவிட்டது என்று யாரேனும் முறையிட்டால், அதற்கு ஒரு விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. "என்ன செய்வது? நகரம் கிண்ணத்துக்குள் இருக்கிறது, சுற்றிவர மலை, புகை வெளியேற வழியில்லை." மேடைகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் தேநீர்க் கடைகளிலும் இதே விடையைக் கேட்கிறோம். இதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முழுப் பொய்யை ஒரு நாளில் தகர்த்துவிடலாம். அரை உண்மையோ ஆண்டுக்கணக்கில் ஆட்சி செய்யும். மலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் மந்திரிக்கும் மாநகர சபைக்கும் வாகன வியாபாரிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. மலைக்கோ பேச வாயில்லை. ஆதலால் அதன் தரப்பில் நாம் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் மலைகளுக்குரிய பங்கை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் கண்டி அமைந்திருக்கிறது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர்; மேற்கே பஹிரவகந்த; வாவிக்கு அப்பால் உடவத்தகெலே வனம் போர்த்திய மேடு; இவை அனைத்தையும் வளைத்தோடும் மகாவலி கங்கை. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர ஆகிய பாலங்களே நகரின் பிரதான வாயில்கள். மலையும் ஆறும் சேர்ந்து விட்டுவைத்த இந்த ஒடுங்கிய வழிகளுக்குள்தான் பஸ், லொறி, கார், முச்சக்கர வண்டி யாவும் நாள்தோறும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன.

பகல் வேளையில் நிலத்தை ஒட்டிய காற்றுச் சூடேறி மேலெழும். அதனுடன் புகையும் எழுந்து கலைந்துபோகும். மேகமற்ற, காற்று அசையாத இரவுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. மலைச்சரிவுகள் தம் வெப்பத்தை விரைவில் இழக்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றுக் குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் என்று விஞ்ஞானிகள் இதனை அழைப்பர். வெயில் ஏறி நிலம் சூடாகும் வரையில் அந்த மூடி திறப்பதில்லை. அதுவரை பள்ளத்தில் எழும் புகையெல்லாம் பள்ளத்திலேயே கிடக்கும்.

பருவங்களும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன. சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, இரவுகள் தெளிவு, விடியலில் பனிமூட்டம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் காலம் இதுவே. ஏப்ரிலில் பிற்பகல் இடிமழை வந்து காற்றைக் கழுவும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து தேங்கியதை அள்ளிச் செல்லும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் மீண்டும் மழை. டிசம்பர் தொடங்கியதும் வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வரும்; அதனோடு பெருநிலப்பரப்பின் தூசியும் சில நாட்களில் வந்து சேரும். இவ்வளவும் இயற்கையின் ஒழுங்கு. இதனை மறுப்பவர் எவருமில்லை.

ஆனால் ஒரு சிறு கேள்வி. இந்த மலைகள் நேற்று முளைத்தவையா? 1815-ஆம் ஆண்டில் பிரித்தானியர் கைப்பற்றும் வரையில், இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நியப் படைகளை எதிர்த்து நின்ற தலைநகரின் அரண்கள் இவை. அக்காலத்திலும் சரிவுகளில் குளிர்காற்று வழிந்தது. அக்காலத்திலும் மூடி மூடியது. மூடி மாறவில்லை. மூடிக்குள் நாம் கொண்டுவந்து கொட்டும் பொருள்தான் மாறியிருக்கிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு வாகனங்கள் நின்றபோது, கொழும்பிலும் கண்டியிலும் காற்றிலுள்ள நுண்துகள்கள் குறைந்தன என்பதை அளவீடுகள் காட்டின. காற்று அசையாத அதே மார்ச், அதே கிண்ணம், அதே மூடி. அந்நாட்களில் மலைகள் விடுமுறையில் சென்றிருந்தனவா? இன்னொன்றையும் நினைவூட்டலாம். ஈயம் கலந்த பெற்றோல் 2002-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இரட்டை வீச்சு எஞ்சின் பொருத்திய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 முதல் தடைசெய்யப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனையும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. இவற்றால் கிடைத்த நன்மை எதுவாயினும் அது ஒரு மலையும் நகராமலே கிடைத்தது.

கண்டியைப் போலவே கிண்ணத்துக்குள் அமைந்த இன்னொரு பழம்பெரும் நகரத்தை இங்கே அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். மத்தியதரைக் கடலோரத்து ஏதென்ஸ் நகரை பார்னிதா, பென்டெலி, ஹிமெட்டஸ், எகாலியோ என்னும் மலைகள் சூழ்ந்திருக்கின்றன. தென்மேற்கில் மட்டும் கடல் திறந்திருக்கிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று நகரைத் துடைக்கும். அது ஓய்ந்த நாட்களில் வாகனப் புகை வெயிலில் வெந்து நச்சுவாயுவாகும். குளிர்கால இரவுகளில் நமக்குத் தெரிந்த அதே மூடி மூடும். 1970-களிலிருந்து நகரின் மேல் தொங்கிய பழுப்பு மேகத்தை அவ்வூரார் 'நேஃபோஸ்' என்றே அழைத்தனர். அவர்கள் மொழியில் மேகம் என்பது அதன் பொருள். அக்ரோபொலிஸ் குன்றில் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் நின்ற பெண் சிலைகளை அரித்தது அந்தக் காற்று. 1979-ஆம் ஆண்டில் சிலைகளைத் தூக்கி அருங்காட்சியகத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். சிலைக்கு அடைக்கலம் கிடைத்தது. மனிதனை எங்கே தூக்கி வைப்பது? அந்த நகரத்தின் அனுபவம் நமக்குச் சில பாடங்களைத் தருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் நம் மூடிக்குள் கொட்டப்படுவது என்ன என்பதை அலவத்துகொடவிலிருந்து பார்க்கலாம். கண்டிக்கு வடக்கே, மாத்தளை வீதியில், குன்றுகளுக்கிடையே உள்ள சிற்றூர் அது. பாடசாலை நாளொன்றில் பொழுது புலருமுன்பே அவ்வீதியில் வான்களின் ஊர்வலம் தொடங்கிவிடுகிறது. மாத்தளையிலிருந்தும் அலவத்துகொடவிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை நோக்கி அவை விரைகின்றன. பேராதனைப் பக்கத்திலும் தென்னகும்புரப் பக்கத்திலும் இதே காட்சி. நம் பாடசாலைகளின் மணி 7.30-க்கு அடிக்கிறது. கிண்ணத்தின் மூடியோ அதற்குப் பின்னும் நெடுநேரம் திறப்பதில்லை. ஆகவே நாளின் மிக மோசமான காற்றைச் சுவாசிக்கும் வேளைக்கு நம் பிள்ளைகளைத் துல்லியமாக நேரங்குறித்து அனுப்பிவைக்கிறோம். இந்த நேரசூசியை மலையா வகுத்தது?

ஏன் இத்தனை பிள்ளைகள் நகருக்குள் வரவேண்டும்? அலவத்துகொடவில் பாடசாலை இல்லையா? மாத்தளையில் இல்லையா? இருக்கின்றன. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் சேர்ந்தமைந்த பாடசாலைகள்தான் கிண்ணத்துக்குள் குவிந்து கிடக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் வான் பிடிக்கிறார்கள். இன்னும் வசதியுள்ளோர் காரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வசதியற்றோர் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குகிறார்கள்.

இதனை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1940-களிலேயே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இதன் வேரைக் கண்டிருந்தார். 1945-இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியோடு இணைந்ததே மத்திய மகா வித்தியாலயத் திட்டம். நகரத்துப் பெரிய கல்லூரியின் தரத்தை நாட்டுப்புறத்துத் தொகுதிகளுக்கே கொண்டுசெல்வது அதன் நோக்கம். ஏழை மாணவர் அவ்வித்தியாலயங்களில் சேர்ந்து பயிலவே புலமைப்பரிசில் ஏற்படுத்தப்பட்டது. அத்திட்டத்தின் ஒளி தோட்டப் பாடசாலைகளுக்குள் விழவில்லை என்ற குறையையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. அவை 1977-க்குப் பின்னரே படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. அந்தப் புலமைப்பரிசில் இன்று என்ன ஆயிற்று? கிராமத்தின் கூர்மையான பிள்ளையைப் பத்து வயதில் பிடுங்கி நகரத்துக்கு அனுப்பும் ஏற்பாடாகத் திரிந்துவிட்டது. கல்வியின் ஏற்றத்தாழ்வு பரீட்சைப் பெறுபேற்றில் மட்டும் தெரிகிறது என்று எண்ணாதீர்கள். காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டை வீதியில் அது கரும்புகையாகவும் தெரிகிறது.

இனி, பஸ்ஸைப் பற்றி. "பழைய டீசல் பஸ்களும் முச்சக்கர வண்டிகளுமே குற்றவாளிகள், அவற்றை அப்புறப்படுத்துங்கள்" என்று காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவோர் உண்டு. ஐம்பது பேரைச் சுமந்து வரும் பஸ் இறைக்கும் புகையைக் கணக்கிடுபவர், ஒருவரைச் சுமந்து அதே வீதியை அடைத்து நிற்கும் கார்களின் வரிசையைக் கணக்கிடுவதில்லை. பஸ் ஏன் அப்படிப் புகைகிறது என்பதும் ஆராயத்தக்கது. 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமில்லாத வீதியிலும் பஸ் ஓடவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1979-இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. அன்றிலிருந்து நிறைந்த வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. நிறையும் வரை எஞ்சினை நிறுத்தாமல் தரிப்பிடத்தில் நின்று உறுமுகின்றன. நாட்கூலியைக் கைப்பற்றத் துடிக்கும் சாரதியையும் நடத்துநரையும் திட்டிப் பயனில்லை. அவர்களே எல்லாருக்கும் முன்னால் அந்தப் புகையைக் குடிப்பவர்கள்.

ஏதென்ஸின் முதற்பாடம் இங்கே பொருந்துகிறது. 1982-ஆம் ஆண்டில் அந்நகரின் மையத்துக்குள் ஒற்றை எண் கார் ஒரு நாள், இரட்டை எண் கார் மறுநாள் என்று விதி செய்தார்கள். வசதியுள்ளோர் என்ன செய்தனர்? மற்ற எண்ணுக்கு இன்னொரு காரை வாங்கிக்கொண்டனர். வர்க்கப் பிளவுள்ள சமுதாயத்தில் எல்லாருக்கும் ஒன்றுபோல் போடப்படும் தடை, உள்ளவனுக்கு வேலியாகவும் இல்லாதவனுக்கு மதிலாகவும் நிற்கும். பொதுப் போக்குவரத்தைத் தூக்கி நிறுத்தாமல் தனியார் வாகனத்தைக் கட்டுப்படுத்த முனைவது கரையில்லாத ஆற்றுக்கு அணை கட்டுவதாகும்.

இரண்டாவது பாடம் இதனினும் கசப்பானது. கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்க அரசு, கடன் கொடுத்தோரின் நிர்ப்பந்தத்தின் கீழ்ச் சிக்கன நடவடிக்கைகளில் இறங்கியது. 2012-இன் இலையுதிர்காலத்தில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயின் வரி பன்மடங்கு உயர்த்தப்பட்டது. வேலையிழந்த மக்கள் எண்ணெயைக் கைவிட்டு விறகை எரித்தார்கள்; பழைய கதவையும் மேசையையும்கூட எரித்தார்கள். அந்தக் குளிர்கால இரவுகளில், வாகனங்கள் குறைந்திருந்தும், ஏதென்ஸின் மேல் புகைமூட்டம் கவிந்தது. மலை அதே மலை. பருவம் அதே பருவம். மாறியது ஒரு வரிச்சட்டம்.

இக்கதை நமக்குப் புதிதா? 2021 ஒக்டோபருக்கு முன்னர் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரிலில் அது 4,860 ரூபா. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார். மண்ணெண்ணெயும் இல்லை. நகரத்து வீடுகளின் பின்புறங்களில் மூன்று கல் அடுப்புகள் மீண்டும் முளைத்தன. கடன் வாங்கியவர்கள் எவரோ. அக்கடனுக்கு வட்டியைப் புகையாகச் சுவாசித்தவர்கள் அடுப்படியில் குந்தியிருந்த பெண்கள்.

ஆனால் விறகுப் புகை விருந்தாளியாக அன்றி வீட்டுக்காரனாகவே வாழும் இடமொன்று உண்டு. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் மாத்தளைப் பக்கத்திலும் உள்ள தோட்ட லயங்களே அவை. உல்லாசப் பயணிகள் தூய காற்றைத் தேடி ஏறும் மலைகள் இவை. அந்தத் தூய காற்றின் நடுவே, புகைபோக்கியில்லாத, சாளரம் சிறுத்த லயக் காம்பராவுக்குள், விடியலுக்கு முன் அடுப்பை மூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் புறப்படுகிறாள் தொழிலாளி. தென்மேற்குப் பருவமழை நகரத்தின் காற்றைக் கழுவுகிறது என்று முன்னர் சொன்னோம். அதே மழை அவளுடைய விறகை நனைக்கிறது. நனைந்த விறகு இரட்டிப்பாகப் புகைகிறது. நகரத்துக்கு நல்ல பருவம் லயத்துக்குக் கெட்ட பருவமாகிறது. எந்தப் பருவமும் எல்லாருக்கும் ஒன்றுபோல் வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1948-ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. குடியுரிமை மீண்ட பின்னரும் அந்தக் காம்பராக்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

வெளிக்காற்றையும் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, காற்று மாசினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபது இலட்சம் மக்கள் அகால மரணமடைகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் அடுப்படியும் இருக்கிறது என்பதை நம் நகர்ப்புற அறிஞர்கள் மறந்துவிடுகிறார்கள்.

"எல்லாம் இந்தியாவிலிருந்து வரும் புகை" என்பது இன்னொரு வாதம். இதிலும் உண்மை உண்டு. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் எழுந்தபோது, வடகிழக்கிலிருந்து இழுத்துவரப்பட்ட மாசு நாட்டின் பல நகரங்களை மூடியது; டிசம்பர் 9-ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. ஏதென்ஸிலும் 2024 ஏப்ரிலில் சகாராப் பாலைவனத்தின் தூசி வானத்தையே செம்மஞ்சளாக்கியது. ஆனால் புயலும் பாலைவனத் தூசியும் சில நாள் வந்து போகும் விருந்தாளிகள். வந்த விருந்தாளியின் செருப்பு மண்ணைக் காட்டி, வீட்டுக்குள் ஆண்டு முழுதும் கூட்டாமல் கிடக்கும் குப்பையை நியாயப்படுத்தலாமா? அயலவனைக் குறைசொல்வதில் ஒரு வசதி உண்டு: உள்ளூரில் எவரையும் பகைக்கவேண்டியதில்லை.

சட்டமேனும் நம்மைக் காக்கிறதா? 2008-இல் வெளியான நம் நாட்டு ஒழுங்குவிதி, 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட நுண்துகள்களுக்கு ஆண்டுச் சராசரி எல்லையாகக் கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம் என்று வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் விதந்துரைத்த எல்லை 5. நம் நுரையீரல்கள் ஐந்து மடங்கு உறுதியானவையா? மத்திய சுற்றாடல் அதிகார சபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் காற்றை அளக்கின்றன; பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டி வீதிகளின் துகள்களை அளந்து எழுதியிருக்கிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் மனிதனுக்கு அந்த இலக்கங்களால் என்ன பயன்? அவன் காணும் இடத்தில், அவன் படிக்கும் மொழியில் அவை எழுதப்படுகின்றனவா?

இனி, இந்தக் காற்றை யார் குடிக்கிறார்கள் என்று பார்ப்போம். நடைபாதை வியாபாரி, வீதி கூட்டுபவர், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர், மூட்டை சுமப்பவர், வாகன நெரிசல் நடுவே அமைந்த வைத்தியசாலைக்கு இழைப்பு நோயோடு வருபவர்: இவர்களே கிண்ணத்தின் அடியில் நிற்பவர்கள். வசதி படைத்தவரின் மாளிகைகளும் உல்லாச ஹோட்டல்களும் சரிவின் மேலே, பல வேளைகளில் மூடிக்கும் மேலே, அமைந்திருக்கின்றன. காலையில் பலகணியில் நின்று கீழே கவிந்த வெண்மூட்டத்தைப் பார்த்து "என்ன அழகு!" என்று வியப்பதற்கும் ஓர் உயரம் வேண்டும்; அந்த உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு.

ஆகவே நாம் கேட்பவை மலையைக் குடையும் திட்டங்கள் அல்ல. அலவத்துகொடவிலும் அக்குறணையிலும் மாத்தளையிலும், தோட்டங்களிலும், நகரத்துக்கு ஈடான பாடசாலைகள் வேண்டும். பிள்ளை நடந்து செல்லும் தூரத்தில் விஞ்ஞான ஆசிரியர் இருக்கவேண்டும். அதுவரையில், சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களிலேனும் பாடசாலைகளின் தொடக்க நேரத்தைப் பிரித்தமைக்கவேண்டும். காலை வேளையில் பொதுத்துறைப் பஸ்கள், இலாப நட்டம் பாராமல், போதிய அளவில் ஓடவேண்டும். புகையில்லாத பஸ்கள் முதலில் இக்கிண்ணத்துக்குள் வரவேண்டும். லயத்துக்குப் புகைபோக்கி பொருத்திய சமையலறை உரிமையாகக் கிடைக்கவேண்டும்; எரிவாயு விலை கூலிக்காரரின் கைக்கு எட்டவேண்டும். காற்றின் அளவு நாள்தோறும் பஸ் நிலையங்களில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டும். முடியாது என்கிறார்களா? 1998-இல் தலதா மாளிகையின் முன் குண்டு வெடித்தபின், பாதுகாப்புக் கருதி அதன் முன்வீதியை வாகனங்களுக்கு மூட முடிந்தது. உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்தால் வீதியையும் மாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி. மெல்லக் கொல்லும் ஆபத்து ஆபத்தாகத் தெரியவில்லை என்பதே வேறுபாடு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தனிப்பொறுப்பு உண்டு. புவியியல் பாடத்தில் பள்ளத்தாக்கையும் பருவக்காற்றையும் கற்பிக்கிறோம். அந்தப் படத்தில் வானையும் பஸ்ஸையும் லயத்து அடுப்பையும் வரைந்து கற்பிப்போம். எத்தனை மாணவர் எத்தனை மணிக்கு எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் இழைப்பினால் பாடசாலைக்கு வராமல் நின்றார்கள் என்று ஒவ்வொரு வகுப்பும் ஓராண்டுக் கணக்கெடுக்கட்டும். அக்கணக்கைப் பெற்றோர் கூட்டத்திலும் தொழிற்சங்கத்திலும் மாநகர சபையிலும் படிக்கட்டும். அப்போது யாராவது எழுந்து மலையைச் சுட்டிக்காட்டினால், அவருடைய விரலைப் பிடித்து மெதுவாகக் கீழே, ஏழு மணி வீதியின் பக்கம், திருப்பிவிடுங்கள்.